வேலை பிடிக்கவில்லையா, வேலையில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லையா?

வேலை, மனநிறைவு, வீட்டு வாழ்க்கை ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்துவிட்டோம். நீண்ட கடிதங்களைப் பொருள் மாறாமல் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சம்பளம் உரிய நாளில் வந்துவிடுகிறது. மேலாளரும் நல்லவர். மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, எங்கோ விடுபட்ட ஒரு சிறு தொகையை இரவு வரை தேடிக் கண்டுபிடித்து, அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பேன். "கிடைத்தது" என்ற ஒரு சொல்கூடத் திரும்பி வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நெஞ்சில் ஏதோ பாரம் ஏறிக்கொள்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டால், "உனக்கு என்ன குறை?" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் நன்றி இல்லாதவளா?

பதில்: நன்றி வேறு, நிறைவு வேறு. நல்ல சம்பளத்துக்கும் நல்ல மேலாளருக்கும் நீங்கள் நன்றியோடு இருக்கலாம். அப்படி இருந்துகொண்டே, அந்த வேலை மனத்துக்குள் எதையும் தொடவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

உங்களைப் போன்ற கணக்காளர்களிடமே இதைக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் சுமார் 200 கணக்காளர்களையும் பொறியாளர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த சமயம் எது, மிகவும் வெறுத்த சமயம் எது என்று சொல்லச் சொன்னார்கள். அதன் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வெறுப்புக்குக் காரணமாக நிறுவனத்தின் விதிமுறைகள், மேற்பார்வை, சம்பளம், பணியிட வசதிகள் ஆகியவற்றைச் சொன்னவர்கள், மகிழ்ச்சிக்குக் காரணமாக வேறொரு வரிசையைச் சொன்னார்கள்: ஒன்றைச் செய்து முடித்தது, அதை ஒருவர் கவனித்துப் பாராட்டியது, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி. முதல் வரிசையில் உள்ளவை சீராக இருந்தால் வெறுப்பு விலகுமே தவிர நிறைவு தானாக வந்துவிடாது என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு. மனிதர்கள் நல்லதற்குத் தம்மையும் கெட்டதற்குச் சூழலையும் காரணம் காட்டுவது இயல்பு என்பதால் இந்த ஆய்வு முறையைப் பின்னாளில் பலர் குறை கூறினார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் உங்கள் வீட்டார் கேட்கும் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. "உனக்கு என்ன குறை?" என்று அவர்கள் முதல் வரிசையைப் பார்த்துக் கேட்கிறார்கள், உங்களுக்கு இல்லாதிருப்பது இரண்டாம் வரிசை.

அதிலும் எது இல்லை என்று இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களின் நடுவில், ஒரு வேலை மனத்துக்கு உகந்ததாக அமைய ஐந்து தன்மைகள் தேவை என்று வகுத்தார்கள். பல திறமைகளைப் பயன்படுத்த அதில் இடம் இருக்கிறதா, ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே செய்கிறோமா, அது யாருடைய வாழ்க்கையிலாவது பயன்படுகிறதா, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா, செய்தது எப்படி அமைந்தது என்று நமக்குத் தெரியவருகிறதா என்பவை அவை. உங்கள் மாதக் கடைசியை இந்த ஐந்தோடும் வைத்துப் பார்த்தேன். திறமைக்கு அங்கே குறைவில்லை. வரிவரியாகத் தேடி ஒரு பிழையைப் பிடிப்பது எளிய காரியம் அல்ல. தொடங்கியதை நீங்களே முடிக்கவும் செய்கிறீர்கள். ஆனால் அனுப்பிய அறிக்கையை யார் படிக்கிறார், அதை வைத்து என்ன முடிவெடுக்கிறார் என்று பதினோரு ஆண்டுகளாக உங்களுக்குத் தெரியவில்லை. பயனும் தெரியவில்லை, பதிலும் வரவில்லை. ஞாயிறு மாலைப் பாரத்தின் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

இது சரிசெய்யக் கூடியது. மேலாளர் நல்லவர் என்கிறீர்கள், அவரிடம் போய், "இந்த அறிக்கை யாரிடம் போகிறது, அவருக்கு அதில் எது முக்கியம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், அதைப் பேசும் கூட்டத்தில் ஒருமுறை நானும் உட்காரலாமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குச் சிறிய விஷயம்தான். விளைவு சிறியதாக இருக்க வேண்டியதில்லை. ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்த நன்கொடையால் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. சம்பளமோ வேலையோ மாறியிருக்கவில்லை; தம் உழைப்பு போய்ச் சேரும் இடத்தில் ஒரு முகத்தைப் பார்த்திருந்தார்கள், அவ்வளவே.

வேலையின் எல்லைகளை நாமே கொஞ்சம் நகர்த்தி அமைத்துக்கொள்ளவும் முடியும். எமி ரெஸ்னியூஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரே பணிப்பட்டியல் கொண்டவர்களில் சிலர், தரையைத் துடைப்பதோடு தம் வேலை முடிந்தது என்று இருந்தார்கள். வேறு சிலர் நோயாளிகளையும் அவர்களைப் பார்க்க வருபவர்களையும் கவனித்து, செவிலியரின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுத்தம் செய்து, நோயாளி குணமடைவதில் தமக்கும் பங்கு உண்டு என்று கருதினார்கள். நீங்களும் ஒரு மாத காலம், எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை, எதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் நாள் முதல் பட்டியலில் வந்தால், அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து, மூன்று நான்கு மாதங்கள் பொறுத்திருந்தும் பாரம் குறையவில்லை என்றால், அல்லது நீங்கள் கேட்டது எதையுமே அந்த இடம் கொடுக்காது என்று தெளிவாகிவிட்டால், வேறு வேலை தேடுவது தவறில்லை. அடுத்த வேலை கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். நேர்காணலில் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், "என் வேலையின் முடிவு எனக்கு எப்படித் தெரியவரும்?" என்றும் கேளுங்கள். காரணம் தெரியாமல் இடம் மாறுபவர் பழைய பாரத்தையும் புதிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்.

கேள்வி: காலை ஒன்பது மணி முதல் இரவு ஏழு மணி வரை, வாரத்தில் ஆறு நாட்கள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழு ஓய்வதில்லை. சாப்பிடும்போதுகூடக் கைபேசி தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். "உங்கள் உடம்பு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது" என்று என் மனைவி சொன்னாள். மகள் பேசும்போது காதில் விழுகிறது. என்ன சொன்னாள் என்று கேட்டால் தெரியவில்லை. வேலையையும் வீட்டையும் எப்படிச் சமன்செய்வது?

பதில்: முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உடம்பு சம்பந்தப்பட்டது. நீங்கள் எழுதியபடி வாரத்துக்கு 60 மணி நேரம், கைபேசியில் போவது தனி. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் கேட்டது 1817இல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய தன் முதல் உடன்படிக்கையிலேயே, தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நூறாண்டுக்கு முந்தைய அந்த வரம்பையும் தாண்டி நீங்கள் நிற்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 விழுக்காடும் கூடுதல். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது சோம்பல் என்று நினைத்துத் தயங்குபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆனால் உங்கள் மனைவி சொன்னது நேரத்தைப் பற்றி அல்ல. ஏழு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கே வந்தாலும், கைபேசி தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வரை அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். வேலையிலிருந்து மீண்டுவருவதைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் சபீனே சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 2007இல் எழுதிய கட்டுரையில், நாம் மீள நான்கு வழிகள் உண்டு என்றார்: வேலையை மனத்தளவில் விட்டு விலகுதல், இளைப்பாறுதல், வேலைக்கு வெளியே ஏதேனும் ஒன்றில் தேர்ச்சி பெறுதல், ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்று தானே தீர்மானித்தல். இந்த நான்கில் முதலாவது உங்களிடம் இல்லை. உடம்பு வந்துசேர்ந்த பிறகும் மனம் அலுவலகத்திலேயே இருந்தால், அந்த நேரம் ஓய்வாகவும் ஆவதில்லை, வேலையாகவும் ஆவதில்லை.

ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் 2009இல் தன் ஆய்வில் காட்டினார். மகள் பேசியது காதில் விழுந்தும் மனத்தில் நிற்காததற்கு இதுவே காரணம். அன்புக் குறைவு என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். இதற்கு ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. முடியாத காரியம் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதை நிறுத்த அதை முடித்தே ஆக வேண்டியதில்லை. எப்போது, எப்படி முடிப்போம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்று மசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். ஆகவே கடைசிப் பதினைந்து நிமிடங்களில் புதிய வேலை எதையும் தொடாதீர்கள். பாதியில் நிற்பது எது, நாளை காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் எது என்று கையால் எழுதிவையுங்கள். "அந்த விஷயத்தைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் போதாது; "பத்து மணிக்கு விற்பனைப் பிரிவை அழைத்து இரண்டாவது விலைப்பட்டியலைக் கேட்க வேண்டும்" என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.

கைபேசியைப் பொறுத்தவரை மனவுறுதியை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் அழைக்கவும், மற்றவற்றைக் காலையில் பார்க்கிறேன் என்று குழுவில் ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டு, மகள் தூங்கும் வரை கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அழைப்பு வந்தால் மணி கேட்கும். எழுதிய பிறகு எத்தனை அழைப்பு வருகிறது என்று கவனியுங்கள். அவசரம் என்ற பெயரில் வந்தவற்றில் பெரும்பாலானவை காலை வரை காத்திருக்கக் கூடியவை என்பது உங்களுக்கே தெரியவரும். பிரான்சில் 50 ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று 2017 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ஒரு நாடு சட்டம் போட்டுக் காக்க வேண்டிய விஷயம் இது என்றால், நீங்கள் தனியாகத் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 26. எனக்கு உயிர் ஓவியம்தான். "பிடித்ததையே தொழிலாகச் செய்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியர் ஆகலாமா?

பதில்: ஆகலாம், ஆனால் அந்த அறிவுரை சொல்லாமல் விடும் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பிடித்ததற்கு விலை வந்து சேரும்போது பிடித்தம் சில சமயம் தேய்ந்துபோகிறது. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆகிறதா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்கிறேன். வேலையில் இருந்துகொண்டே, வேறொருவர் கேட்ட படத்தை, அவர் கேட்ட அளவில், அவர் சொன்ன கெடுவுக்குள், "முகம் சரியில்லை, மாற்றுங்கள்" என்று அவர் மூன்றாம் முறை சொல்லும்போது பொறுமையாக மாற்றி, வரைந்து கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மறுநாள் காலையில் தூரிகையை எடுக்கக் கை நீண்டால், அப்போது தைரியமாகத் திட்டமிடுங்கள். நீளவில்லை என்றால், சம்பளத்துக்கு ஒரு வேலையும் ஆசைக்கு ஓவியமும் என்று வைத்துக்கொள்வது தோல்வி அல்ல. ஓவியத்தை யாருடைய விருப்பத்துக்கும் வளைக்காமல் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.

கேள்வி: செவிலியராக இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு விரும்பித்தான் வந்தேன். இப்போதெல்லாம் நோயாளி அழைப்புமணியை அழுத்தினாலே எரிச்சல் வருகிறது. "ஒன்பதாம் படுக்கை" என்று எண்ணாகத்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெயர் மனத்தில் நிற்பதில்லை. நாள் முழுவதும் ஓடியும் எதுவும் உருப்படியாகச் செய்ததாகத் தோன்றவில்லை. நான் கெட்டவளாக மாறிவிட்டேனா?

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் மூன்று வாக்கியங்களில் எழுதியிருப்பதை உளவியல் பாடம் ஏறக்குறைய அதே மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. பணிச்சோர்வை, அதாவது பர்ன்அவுட்டை, 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மருத்துவ உளவியலாளர், இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தவர்களிடம் கண்டு எழுதினார். அதாவது, அக்கறையில்லாதவர்களிடம் அல்ல, அக்கறையோடு வந்தவர்களிடமே அது முதலில் கண்டறியப்பட்டது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் அதை அளக்க ஓர் அளவுகோல் அமைத்தார்கள். உணர்வு வற்றிப்போவது, பராமரிக்கப்படுபவரை மனிதராகக் காண முடியாமல் விலகி நிற்பது, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்கப்பட்ட தன் நோய் வகைப்பாட்டில், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்று இதை விளக்கி, நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிலையாக வரையறுத்தது. பணியிட அழுத்தம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். குற்றவாளியைத் தேடி உங்கள் மனத்துக்குள் மட்டும் போக வேண்டியதில்லை. பணிநேரப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் பின்னர் ஆறு இடங்களைச் சுட்டினார்கள்: சுமை, கட்டுப்பாடு, பலன், கூட இருப்பவர்கள், நியாயம், விழுமியம். சுமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மற்ற ஐந்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இரவுப் பணி யாருக்குத் திரும்பத் திரும்ப விழுகிறது என்பது நியாயத்தின் கேள்வி. ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார வேண்டும் என்று மனம் சொல்லியும் உட்கார முடியாமல் அடுத்த படுக்கைக்கு ஓடுவது விழுமியத்தின் கேள்வி. செவிலியருக்கு இந்தக் கடைசிக் காயமே ஆழமானது என்று நினைக்கிறேன். உள்ளே அழுகை வந்தாலும் வெளியே அமைதியான முகத்தோடு நிற்பதும் உழைப்பே. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் அதற்கு உணர்ச்சி உழைப்பு என்றே பெயரிட்டார். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆறில் எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நியாயம் என்றால், தனியாகப் போகாமல் உங்கள் பிரிவில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து, கடந்த சில மாதங்களின் பணிநேரப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். விழுமியம் என்றால், ஒரு பணிநேரத்தில் ஒரே ஒரு நோயாளியிடமாவது அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, அவசரமில்லாமல் பேசப் பாருங்கள். எல்லோரிடமும் அப்படி இருக்க முடியாததை உங்கள் குற்றமாகக் கொள்ளாதீர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஓய்வாக இருக்கும் நாட்களிலும் எதிலும் மனம் செல்லவில்லை, உறக்கமோ பசியோ கெட்டுவிட்டது, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், அது வேலையோடு நிற்கும் சோர்வு அல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்படியென்றால் நாள் கடத்தாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களிடம் ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் நீங்களும் இதையே சொல்வீர்கள்.

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு மீண்டும் வேலைக்குச் செல்கிறேன். அலுவலகத்தில் இருந்தால் குழந்தையை நினைத்தும், வீட்டில் இருந்தால் முடியாத வேலையை நினைத்தும் குற்றவுணர்ச்சி. கணவர் நல்லவர்; "என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்" என்பார். ஆனாலும் நான்தான் களைத்துப்போகிறேன்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதிலேயே உங்கள் களைப்புக்கு விடை இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதே ஒரு வேலை. குழந்தையின் தடுப்பூசித் தேதி நெருங்குகிறது என்று முன்கூட்டியே உணர்வது, எந்த மருத்துவரிடம் போவது என்று வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, போட்டாகிவிட்டதா, அடுத்தது எப்போது என்று கண்காணிப்பது என வீட்டுக்கான சிந்தனை உழைப்பை ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் நான்காகப் பிரித்தார். தாம் ஆராய்ந்த இணையர்களில் முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களிடமே விழுந்ததை அவர் கண்டார். அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெண்களுக்குத் தொடங்கும் இரண்டாவது பணிநேரத்தைப் பற்றி ஹோக்ஷில்ட் 1989இலேயே எழுதிவிட்டார். கையால் செய்யும் வேலை அதன் பிறகு ஓரளவு பகிரப்பட்டிருக்கலாம். தலைக்குள் ஓடும் வேலை அந்த அளவுக்குப் பகிரப்படவில்லை.

எனவே கணவரிடம் காரியங்களைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பொறுப்புகளை முழுதாகக் கொடுங்கள். "ஊசி போட அழைத்துப் போங்கள்" என்பது காரியம். "குழந்தையின் மருத்துவம் முழுவதும் இனி உங்களுடையது, தேதியை நினைவில் வைப்பதும் நீங்களே" என்பது பொறுப்பு. கொடுத்த பிறகு நினைவூட்டாமல் இருப்பது உங்கள் பங்கு, அது கொடுப்பதைவிடக் கடினம். முதல் சில தடவை அவர் உங்களைப் போல் செய்யமாட்டார். ஆபத்து இல்லாத வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றவுணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையும் குடும்பமும் மோதுவதை கிரீன்ஹாஸ், பியூடல் இருவரும் 1985இல் மூன்று வகையாகச் சொன்னார்கள்: நேரம் போதாமல் வரும் மோதல், ஓரிடத்துக் களைப்பு மறுஇடத்துக்குத் தொடர்ந்து வருவதால் நேரும் மோதல், ஓரிடத்துக்கு வேண்டிய நடத்தை மறுஇடத்துக்குப் பொருந்தாததால் நேரும் மோதல். மூன்றிலும் நல்ல தாயா, நல்ல ஊழியரா என்ற கேள்விக்கு இடமே இல்லை. குற்றவுணர்ச்சி எழும்போதெல்லாம் "இது நேரமா, களைப்பா, நடத்தையா?" என்று கேளுங்கள். நேரம் என்றால் மேலாளரிடம் பேச வேண்டும்; களைப்பு என்றால் கணவரிடம் பேச வேண்டும். இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் குறை சொன்ன வேலையை விடப் பயப்படுவது விந்தையாக இல்லையா?

பதில்: விந்தையே இல்லை, ஐயா. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரின் நெசவாலை மூடப்பட்ட பிறகு, மரி யாஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய் ஆராய்ந்தார்கள். வேலை போனவர்களுக்கு நாள் முழுவதும் ஓய்வு. ஆனால் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை கூடாமல் குறைந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகமும் தளர்ந்தது. வறுமையும் அதற்குக் காரணம் என்பதால் உங்கள் நிலையோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து யாஹோடா பின்னாளில் வகுத்த பட்டியல் உங்களுக்கு உதவும். வேலை நமக்குச் சம்பளத்தோடு, நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், இடைவிடாத செயல்பாடு ஆகிய ஐந்தையும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றார் அவர். குறை சொல்லிக்கொண்டே நாம் இந்த ஐந்தையும் அனுபவித்துவருகிறோம். நீங்கள் பயப்படுவது வேலையை இழப்பதற்கல்ல, இவற்றை இழப்பதற்கு.

ஓராண்டு கையில் இருப்பது பெரிய வசதி. இந்த ஐந்தில் எது இல்லாமல் போனால் உங்களுக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்து, அதற்கான மாற்றிடத்தை வேலையில் இருக்கும்போதே தொடங்குங்கள். மனிதத் தொடர்பு என்றால், வாரத்தில் ஒரு நாள் குறித்த நேரத்தில் நீங்கள் வருவதை எதிர்பார்த்துச் சிலர் காத்திருக்கும் ஓரிடம் வேண்டும். நினைத்தபோது போகும் இடம் போதாது. அடையாளம் என்றால், உங்களுக்குத் தெரிந்த தொழிலை இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகும் அவர் சந்தேகம் கேட்டு உங்களை அழைப்பார். இதை உங்கள் துணைவியாரிடமும் பேசிவிடுங்கள். பகல் முழுவதும் வீட்டில் இன்னொருவர் இருப்பது அவருக்கும் புதிய வாழ்க்கை. அதில் அவருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.